சேலத்து உப்புத் தண்ணியால் முடி கொட்டுமா? கேரட்டின் போட்டே ஆகணுமா?

கொலுசுச்சத்தம்:
நேற்று இந்தக் குழுவில் பேர்லேண்ட்ஸ்வாசி ஒரு பதிவு போட்டிருந்தார். "சேலத்தில் போர் தண்ணியில் தலைக்குக் குளிக்கிற பெண்கள் வருடத்துக்கு இரண்டு முறை கேரட்டின் என்கிற முடி நேராக்கும் சிகிச்சை செய்துகொள்ளாவிட்டால் முப்பது வயதுக்குள் பாதி முடி போய்விடும், இந்த ஊர் உப்புத் தண்ணி அப்படி" என்பது அவர் தீர்ப்பு. கீழே எந்தப் பார்லர், என்ன ரேட் என்று கேட்டு ஒரு கூட்டமே நிற்கிறது. படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அஸ்தம்பட்டிப் பக்கம் பார்லர் வைத்திருக்கிறேன், நாள் முழுக்க இந்த ஊர்த் தலைமுடியைத்தான் கையில் பிடிக்கிறேன். உப்புத் தண்ணியால் முடி சொரசொரப்பாகும், மங்கிப்போகும், சீப்பு இறங்காது. கொட்டாது. கொட்டுவதற்குக் காரணம் வேறு. தண்ணியைக் காட்டிப் பயமுறுத்தி ஒரு பெண்ணைச் சூட்டுக்கும் புகைக்கும் நடுவில் உட்காரவைப்பது பெரிய தப்பு.

பேர்லேண்ட்ஸ்வாசி:
அக்கா, ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். பாத்ரூம் வாளி விளிம்பில் வெள்ளையாகப் படிகிறதே, கம்பி நார் போட்டுத் தேய்த்தாலும் போகாது. கீசர் கம்பியைக் கழற்றினால் சுண்ணாம்பு அடித்தது மாதிரி இருக்கிறது. வாளியில் படிவது தலையில் படியாதா? பெங்களூரில் இருந்தவரை எனக்கு முடிப் பிரச்சினையே கிடையாது. சேலம் வந்துதான் எல்லாம்.

கொலுசுச்சத்தம்:
படியும். படியாது என்று நான் எங்கே சொன்னேன்? படிவது வேறு, கொட்டுவது வேறு. முடியின் வேர் தோலுக்குள்ளே இருக்கிறது. வெளியே இருக்கும் இழைமேல் கால்சியமும் மெக்னீசியமும் உட்காருவதால் உள்ளே இருக்கும் வேர் கழன்றுவிடாது. 2013ல் வந்த ஒரு ஆய்வில் உப்புத் தண்ணியில் ஊறவைத்த முடியையும் நல்ல தண்ணியில் ஊறவைத்த முடியையும் இழுத்துப் பார்த்தார்கள். உறுதியில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அப்புறம், பெங்களூரில் பாதி வீட்டில் போர் தண்ணியும் லாரித் தண்ணியும்தான். அங்கே மட்டும் பன்னீரிலா குளித்தீர்கள்?

தறிவீடு:
நான் மேட்டூரில் பிறந்து அம்மாப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே ஆத்துத் தண்ணி, இங்கே போர் தண்ணி. வந்த கொஞ்ச காலத்திலேயே என் ஜடை பாதியாகிவிட்டது. ஆய்வு என்ன சொன்னால் எனக்கென்ன, என் தலை சொல்கிறதே. பேர்லேண்ட்ஸ்வாசி சொல்வதுதான் சரி.

கொலுசுச்சத்தம்:
தறிவீடு கண்ணு, கல்யாணமாகி வந்த கொஞ்ச காலம் என்கிறாய். நடுவில் பிரசவம் ஆனதா? பெரிய காய்ச்சல் எதுவும் வந்ததா? பிரசவம், காய்ச்சல், பட்டினி டயட், மனக்கஷ்டம், எது வந்தாலும் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முடி கொத்தாக வரும். அதனால் யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. ரத்தச்சோகையும் தைராய்டும் இன்னொரு பக்கம். ஒரு நாளைக்கு ஐம்பதிலிருந்து நூறு முடி உதிர்வது யாருக்கும் சகஜம்.

இன்னொன்று, இப்போதே செய்து பார்க்கலாம். சீப்பில் வந்த முடியை எடுத்து ஒரு கறுப்புத் துணிமேல் வை. ஒரு முனையில் கடுகை விடச் சின்னதாக வெள்ளையாக ஒரு உருண்டை இருந்தால் வேரிலிருந்து உதிர்ந்தது. உருண்டை இல்லாமல் துண்டு துண்டாக, நீளம் குறைவாக இருந்தால் அது உடைந்தது. அளவுக்கு மேல் உதிர்ந்தால் டாக்டரிடம் போக வேண்டும். உடைந்தால் என்னிடம் வரலாம்.

பேர்லேண்ட்ஸ்வாசி:
கொட்டினால் என்ன, உடைந்தால் என்ன? சீப்பில் வருவது என் முடிதானே. 2013ஐச் சொல்கிற அக்கா 2018ல் வந்த ஆய்வை மட்டும் ஏன் மறைக்கிறார்? அதில் உப்புத் தண்ணியில் ஊறிய முடி உறுதி குறைந்தது என்றுதான் முடிவு. வாளியில் படிவது தலையிலும் படிகிறது என்று நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். அத்தோடு விஷயம் முடிந்தது.

கொலுசுச்சத்தம்:
எதையும் மறைக்கவில்லை. அந்த 2018 ஆய்வு உறுதி குறைந்தது என்று மட்டும்தான் சொல்கிறது, அதாவது உடையலாம். அதுவும் ஆண்களின் முடியை வைத்துப் பார்த்தது. வேரோடு கொட்டும் என்று அதில் ஒரு வரி காட்டுங்கள். படியும், கொட்டாது. எத்தனை தடவை கேட்டாலும் இதுதான் பதில்.

வெள்ளைக்கல்:
ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக் கரடு. ரயில் ஸ்டேஷனுக்கே மேக்னசைட் என்று இங்கே வெட்டும் வெள்ளைக் கல்லின் பேரை வைத்த ஊர். எங்கள் தாத்தா அந்தச் சுரங்கத்தில்தான் வேலை பார்த்தார். சாகும்வரை தலை நிறைய முடி. சும்மா தண்ணியைக் குறை சொல்லாதீர்கள். மாநகராட்சிக் குழாயில் வருவது மேட்டூர்க் காவிரித் தண்ணி, அதில் குளிங்க.

தறிவீடு:
தம்பி, மேட்டூர்த் தண்ணி எங்கள் தெருவுக்கு எப்போது வருகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? வந்தாலும் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைப்போமா, தலையில் ஊற்றுவோமா? தாத்தா கிராப்புத் தலையையும் இடுப்புவரை தொங்கும் ஜடையையும் ஒன்றாகப் பேசவேண்டாம்.

மலைமுகில்:
நான் ஏற்காட்டிலிருந்து. எங்கள் எஸ்டேட் ஊற்றுத் தண்ணியில் சோப்பு போட்டால் கழுவிக் கழுவி நுரை போகாது, அவ்வளவு மிருதுவான, உப்பில்லாத தண்ணி. எனக்கும்தான் முடி கொட்டுகிறது. இதற்குப் பேர்லேண்ட்ஸ்வாசி என்ன சொல்வார்? நான் சுருட்டை முடிக்காரி. இப்போதெல்லாம் சுருட்டையைச் சுருட்டையாகவே வைத்து அழகாக வெட்டிக்கொள்வதுதான் நடப்பு, எதற்கு இன்னும் இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?

பேர்லேண்ட்ஸ்வாசி:
மலைமேல் இருப்பவர்களுக்குக் கீழே இருப்பவர்கள் கஷ்டம் எப்படிப் புரியும். ஆபீஸ் போகிறவள் நான். காலையில் எழுந்து தலை வாரினால் அப்படியே படிந்து நிற்க வேண்டும். கேரட்டின் போட்ட பிறகு என் முடி கண்ணாடி மாதிரி இருக்கிறது. கேரட்டின் புரதம்தானே? முடியும் புரதம்தானே? முடிக்குச் சாப்பாடு கொடுக்கிறோம், இதில் என்ன குற்றம்?

கொலுசுச்சத்தம்:
சாப்பாடு இல்லை அம்மா. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அந்தக் கிரீமில் இருக்கும் புரதம் மட்டும் முடியை நேராக்குவதில்லை. நேராக நிறுத்திப் பிடிப்பது ஃபார்மால்டிஹைடு, இல்லையென்றால் கிளையாக்ஸிலிக் அமிலம் மாதிரி ஒன்று. சில டப்பாவில் ஃபார்மால்டிஹைடு இல்லை என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டுவிட்டுப் பின்பக்கம் மெத்திலீன் கிளைக்கால் என்று பொடி எழுத்தில் எழுதியிருப்பார்கள். 230 டிகிரிச் சூட்டில் அயர்ன் பட்டதும் வருவது அதே ஃபார்மால்டிஹைடு ஆவிதான். கண் எரிந்து தண்ணி கொட்டும், தொண்டை கரகரக்கும். ஏசி போட்டு ஜன்னலைச் சாத்திய அறையில் கஸ்டமர் ஒருநாள் உட்காருவார், அயர்ன் பிடிக்கிற பிள்ளை தினமும் நிற்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ஃபார்மால்டிஹைடை முதல் பிரிவில், மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியான பொருட்களோடு வைத்திருக்கிறது.

சரி, ஃபார்மால்டிஹைடு வேண்டாம் என்று கிளையாக்ஸிலிக் அமிலத்துக்குப் போனால் அது சிறுநீரகத்தில் கை வைக்கிறது. 2020, 2021, 2022 என்று மூன்று முறை முடியை நேராக்கிக்கொண்ட 26 வயதுப் பெண்ணுக்கு மூன்று முறையும் சிறுநீரகம் பாதித்ததை 2024ல் மருத்துவ இதழில் எழுதியிருந்தார்கள். 2022ல் அமெரிக்காவில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல வருடம் கவனித்த ஆய்வில், முடி நேராக்கும் ரசாயனத்தை வருடத்தில் நாலு தடவைக்கு மேல் போட்டவர்களுக்குப் போடாதவர்களை விடக் கர்ப்பப்பைப் புற்றுநோய் இரண்டு மடங்குக்கு மேல் தெரிந்தது. வாளியில் வெள்ளை படிகிறது என்பதற்காக இவ்வளவையும் தலையில் ஏற்ற வேண்டுமா?

பேர்லேண்ட்ஸ்வாசி:
உங்கள் பார்லரில் கேரட்டின் இல்லை, அதனால் கேரட்டின் ஆகாது. சீக்கிரமே ஆரம்பித்துவிட்டால் ஆகிவிடும். போன தை மாதம் கல்யாண மேக்கப் பற்றிப் பேசினோமே, அப்போதும் இதேதான். உங்களிடம் மேக்கப் போட்ட பெண்ணின் முகம் போட்டோவில் சாம்பல் பூத்துத் தெரிந்தது என்று அவர் அக்காவே இங்கே எழுதினார். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. தலைக்கு மட்டும் டாக்டர் ஆகிவிட்டீர்கள்.

கொலுசுச்சத்தம்:
பழைய கணக்கை எடுத்துவிட்டீர்கள், பரவாயில்லை, சொல்கிறேன். அந்தப் பெண்ணின் கழுத்து நிறத்துக்கு நான் எடுத்து வைத்த ஃபவுண்டேஷன் வேறு. "இரண்டு ஷேடு வெளுப்பாகப் போடுங்கள், மாப்பிள்ளை வீட்டார் பார்க்கிறார்கள்" என்று பிடிவாதம் பிடித்தது அவர் அக்காதான். நம் மாநிறத்தில் பொன்மஞ்சள் சாயல் இருக்கும். அதன்மேல் ரோஸ் வெளுப்பை அப்பினால் சாம்பல்தான் பூக்கும். அதற்கு மேல் வெள்ளைப் பவுடர் அடிக்கச் சொன்னால் ஃபிளாஷ் வெளிச்சத்தில் நெற்றியும் கண்ணடியும் திட்டுத் திட்டாகத் தெரியும். மணிக்கட்டில் ஷேடு பார்க்கிற பழக்கத்தை விடுங்கள். தாடை ஓரத்தில் மூன்று கோடு போட்டு, வாசலுக்கு வந்து வெயில் வெளிச்சத்தில் பார்த்து, எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதுதான் உங்கள் நிறம். கறுப்பை வெளுப்பாக்கித் தரச் சொன்னால் இனியும் முடியாது என்றுதான் சொல்வேன்.

நெயில்நிலா:
எல்லாரும் முடியைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். நகத்தைப் பற்றி யாராவது பேசுங்களேன். இந்த சீசனில் கேட் ஐ தான் கேட்கிறார்கள். பாலீஷில் இரும்புத் துகள் கலந்திருக்கும். ஈரமாக இருக்கும்போதே காந்தத்தை மேலே பிடித்தால் பூனைக்கண் மாதிரி கோடு ஓடும், உடனே பாலீஷை இறுக வைக்கும் யூவி விளக்கில் காட்டிவிட வேண்டும். பட்டுப்புடவைக் கலருக்கு அவ்வளவு எடுப்பாக இருக்கும்.

தறிவீடு:
அந்த விளக்கும் ஆகாது என்று இப்போது அக்கா வந்து சொல்வார் பாருங்கள்.

கொலுசுச்சத்தம்:
சொல்லத்தான் போகிறேன், ஆனால் விளக்கைப் பற்றி இல்லை. விளக்கு வெளிச்சத்தில் இறுகுவதற்காக ஜெல் பாலீஷில் போடும் டிபிஓ என்ற பொருளை ஐரோப்பாவில் 2025 செப்டம்பர் 1 முதல் தடை செய்துவிட்டார்கள். நெயில்நிலா, உன் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாயா? டிரைமெத்தில்பென்சாயில் டைபீனைல்பாஸ்பீன் ஆக்சைடு என்று அதன் முழுப்பேர் இருந்தால் வேறு வாங்கு. ஜெல் தோலில் படாமல் போடவும் கற்றுக்கொள். தோலில் பட்டுப் பட்டு ஒரு முறை அலர்ஜி வந்துவிட்டால் ஆயுசுக்கும் போகாது.

நெயில்நிலா:
எனக்குப் போடத் தெரியும் அக்கா, முறையாகப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். பல்லால் கடித்து ஜெல்லை உரித்துவிட்டு நகம் காகிதமாகிவிட்டது என்று என்னிடம் வருகிறவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். அசிட்டோன் பஞ்சில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவைத்தால் தானாக எழும்பி வரும், அதற்குக்கூடப் பொறுமை இல்லை. பழி மட்டும் எங்கள் மேல்.

செவ்வாய்ப்பேட்டை அத்தை:
சீயக்காய் போட்ட காலத்தில் இந்தப் பேச்செல்லாம் ஏது. ஷாம்பூ வந்தது, முடி போனது.

கொலுசுச்சத்தம்:
அத்தை, சீயக்காயை நான் மறுக்கவில்லை. உப்புத் தண்ணிக்குச் சோப்புதான் ஆகாது. சோப்பும் கால்சியமும் சேர்ந்து பிசுக்காகத் தலையில் தங்கிவிடும். ஷாம்பூவில் அந்தப் பிசுக்கு வராது. தண்ணியைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் ஈடிடிஏ சேர்த்த ஷாம்பூவை மாதம் ஒன்றிரண்டு முறை போடுங்கள், படிந்த உப்பை அது இழுத்துவிடும். கடைசி ஒரு சொம்பு மட்டும் ஆர்ஓ தண்ணியோ குழாய்த் தண்ணியோ ஊற்றி அலசுங்கள். கேரட்டினுக்கு ஆகும் பணத்தில் இது வருடக்கணக்கில் நடக்கும்.

பேர்லேண்ட்ஸ்வாசி:
பார்த்தீர்களா! படிந்த உப்பை இழுக்க ஷாம்பூ சொல்கிறார். அப்படியென்றால் உப்பு கெடுதல் என்று அர்த்தம். வாளியில் படிவது தலையில் படிந்துதானே இதெல்லாம்? நான் சொன்னதைத்தான் சுற்றி வளைத்துச் சொல்கிறார்.

கொலுசுச்சத்தம்:
படியும். கொட்டாது. உங்கள் முடியைப் பிடித்து இழுப்பது தண்ணி இல்லை, ஜெல் தடவி இழுத்து வாரிப் போடும் அந்த வழுக்குக் கொண்டைதான். உங்கள் படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நெற்றி ஓரத்தில், காதுக்கு மேலே முடி மெலிந்திருக்கிறது. தினமும் இறுக்கினால் அங்கேதான் முதலில் முடி பின்வாங்கும். கொண்டையைத் தளர்த்திப் போட்டுவிட்டு அப்புறம் மாநகராட்சியைத் திட்டுங்கள்.

பேர்லேண்ட்ஸ்வாசி:
என் படத்தை எடுத்து ஆராய்ச்சி செய்ய உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது? அட்மின் இருக்கிறாரா இல்லையா?

புதுப்பொண்ணு:
சண்டைக்கு நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டில் எனக்குக் கல்யாணம். விடியற்காலை முகூர்த்தம். அலை அலையாகச் சுருட்டி விடும் ஸ்டைல் ஆசை. நிற்குமா?

மலைமுகில்:
நிற்காது. பனி இறங்கும் நேரம் அது. அயர்னில் சுருட்டியது ஈரக்காற்று பட்டால் பழையபடி திரும்பிவிடும். பூ வேண்டாம் என்று மட்டும் வீட்டில் சொல்லிவிடுங்கள். ஈரப்பூ வைத்தால் மிச்சமிருக்கும் சுருளும் விழுந்துவிடும்.

தறிவீடு:
பூ இல்லாமல் கல்யாணமா? எந்த ஊர் வழக்கம் இது?

செவ்வாய்ப்பேட்டை அத்தை:
அப்படிக் கேள் கண்ணு.

கொலுசுச்சத்தம்:
மலைமுகில் சொல்வதில் பாதிதான் சரி. பூவை ஏன் விட வேண்டும்? முன்பக்கம் மட்டும் அலை விடுங்கள், பின்பக்கம் ஜடை பின்னி அதில் பூவைக் குத்துங்கள். வ.உ.சி. மார்க்கெட்டில் முதல் நாள் சாயங்காலமே சரத்தை வாங்கிவிட்டுத் தண்ணி தெளிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சுருட்டிய முடி முழுசாக ஆறும்வரை கிளிப்பை எடுக்கக் கூடாது, நிறையப் பேர் அங்கேதான் கெடுக்கிறார்கள். பூ வைப்பது கடைசி வேலை.

மலைமுகில்:
தண்ணி தெளிக்காத பூ ராத்திரி முழுக்க வாடாமல் இருக்குமா? மல்லியை நீங்கள் மலைக்கு எடுத்து வந்து பார்த்திருக்கிறீர்களா?

கொலுசுச்சத்தம்:
மலைக் குளிரில் மல்லி வாடாது. வாழை இலையில் சுற்றி எடுத்து வாருங்கள்.

மலைமுகில்:
வாடும்.