தம்பியும் நானும் மட்டும் வெளிநாடு போகிறோம், அவனை எப்படிச் சமாளிப்பது?

மூத்தவள்:

அடுத்த மாதம் நானும் தம்பியும் மட்டும் வெளிநாடு போகிறோம். எனக்கு 23, அவனுக்கு 10. நடுவில் ஒரு விமானம் மாற வேண்டும், மூன்று மணி நேர இடைவெளி. தேதி தெரிந்த நாளிலிருந்து அவன் தரையில் நிற்கவில்லை.

போன வருடம் அம்மா அப்பாவோடு போனோம். விமான நிலையத்தில் ஒரு முனையத்திலிருந்து இன்னொன்றுக்கு ஓட்டுநர் இல்லாத ரயிலில் போக வேண்டியிருந்தது. "அக்கா, டிரைவரே இல்லை!" என்று கத்திக்கொண்டு முன்கண்ணாடியைப் பார்க்க ஓடினான். பெட்டியை இழுத்துக்கொண்டு நான் போவதற்குள் கதவு மூடிவிட்டது. உள்ளேயிருந்து சிரித்துக்கொண்டே கை காட்டினான். நான் ஏறவில்லை என்று புரிந்ததும் அந்தக் கை அப்படியே கண்ணாடியில் ஒட்டி நின்றது. அதை என்னால் மறக்க முடியவில்லை. அடுத்த ரயிலில் போனேன், அங்கே அவன் இல்லை. என்னைத் தேடி எதிர் ரயிலில் திரும்பிவிட்டான். கால் மணி நேரம் ஒருவரை ஒருவர் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தோம்.

திட்டி உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தத் துள்ளல் இல்லாவிட்டால் அவன் என் தம்பியே இல்லை. கையில் பட்டை கட்டி இழுத்துப் போகிற வயதும் இல்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

இரண்டு தங்கைகளின் அண்ணன்:

நீங்கள் இருவருமே தேடியதுதான் அன்று நடந்த தவறு. தேடுவது எப்போதும் உங்கள் வேலை, நிற்பது அவன் வேலை. நாங்கள் வைத்திருப்பது ஒரே விதி. தங்கை மட்டும் ரயில் ஏறிவிட்டால் அடுத்த நிலையத்தில் இறங்கி, இறங்கிய இடத்திலேயே நிற்க வேண்டும். நான் ஏறி அவள் வெளியே நின்றுவிட்டால், அவள் அங்கேயே நிற்க வேண்டும், நான் திரும்பி வருவேன். லிஃப்ட், எஸ்கலேட்டர் எல்லாவற்றுக்கும் இதுதான். சொன்னால் மட்டும் போதாது, பழக்கிப் பாருங்கள். பதற்றத்தில் காது கேட்காது, கால் பழகியதைத்தான் செய்யும்.

அப்புறம், கிளம்புமுன் அன்றைய உடையில் அவனை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். "என்ன சட்டை போட்டிருந்தான்?" என்று யாராவது கேட்கும்போது நமக்கு நினைவே வராது. நாட்டின் குறியீட்டு எண்ணோடு உங்கள் கைபேசி எண்ணைச் சீட்டில் எழுதி அவன் பையில் வையுங்கள்.

கவுண்டருக்குப் பின்னால்:

செக்-இன் கவுண்டரில் சில வருடம் வேலை பார்த்தவள் நான். பெற்றோர் இல்லாமல் சிறுவர் வந்தால் முதலில் தேடுவது காகிதத்தைத்தான். அம்மா அப்பா இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். சில நாடுகளில் அதற்கு நோட்டரி சான்றும் கேட்பார்கள். அவனுடைய பிறப்புச் சான்றிதழ் நகலும் இருக்கட்டும், உறவைக் காட்ட உதவும். பாஸ்போர்ட்டின் கடைசித் தேதியை இன்றே பாருங்கள். சிறுவர் பாஸ்போர்ட் பல நாடுகளில் 5 வருடத்துக்குத்தான் தருகிறார்கள், ஆனால் போகிற நாடு இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கலாம். பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும், பெட்டியில் போடாதீர்கள்.

இன்னொன்றை அவனிடம் உட்கார்ந்து பேசுங்கள். பாதுகாப்புச் சோதனை வரிசையில் "அக்கா பையில் குண்டு இருக்கு" என்பது போல விளையாட்டுக்குக் கூடச் சொல்லக் கூடாது. அவர்கள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பயணமே நின்று போகலாம். குடியேற்ற வரிசையில் படம் எடுப்பதும் பெரும்பாலான நாடுகளில் தடை. உற்சாகத்தில் கைபேசியைத் தூக்குகிற பிள்ளைகள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஜன்னலோரம்:

எல்லாரும் அவன் ஓடுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். என் தம்பியோடு போனபோது என்னைத் தவிக்கவிட்டது அவன் தூங்கியதுதான். முந்தின இரவு கண்ணே மூடாமல் கிடந்தவன், முதல் விமானத்திலும் ஜன்னலைவிட்டு நகராதவன், இடையில் இறங்கிய நிலையத்தில் நாற்காலியில் சாய்ந்தவுடன் கல்லாகிவிட்டான். விமானம் ஏறும் வாயிலின் எண்ணை மாற்றி அறிவித்தார்கள். இரண்டு பையும் ஒரு பத்து வயதுப் பையனுமாக நான் அந்த நீள நடையில் நடந்ததை நினைத்தால் இப்போதும் தோள் வலிக்கிறது. அதனால் இறங்கியதும் முதலில் வாயில் பக்கத்துக்குப் போய்விடுங்கள், பிறகு தூங்கட்டும்.

விமானம் தரையிறங்கத் தொடங்கும்போதும் அவனைத் தூங்க விடாதீர்கள். காற்றழுத்தம் ஏறும்போது எச்சில் விழுங்கினால்தான் காது அடைப்பு விடும், தூக்கத்தில் விழுங்குவது குறைவு. சூயிங்கம் கொடுங்கள்.

போர்டிங் பாஸை அவனிடமே கொடுத்துப் பொறுப்பாக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தொலைந்தால் அவன் மனம் உடைந்து போகும். வாயில் எண்ணைப் பலகையில் பார்த்துச் சொல்வதை அவனுக்குக் கொடுங்கள், சந்தோஷமாகச் செய்வான்.

மூத்தவள்:

மூன்று பேருக்கும் நன்றி. பாஸ்போர்ட்டைப் பார்த்தேன், 8 மாதம் இருக்கிறது. கடிதத்துக்கு அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

நேற்று மாலை லிஃப்டில் பழக்கிப் பார்த்தோம். அவனை மட்டும் ஏற்றிவிட்டு நான் படியில் ஓடினேன். முதல் தடவை திரும்பி வந்துவிட்டான். மூன்றாம் தடவை அடுத்த தளத்தில் இறங்கி, சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றான். "அக்கா, நீ வர எவ்வளவு நேரமானாலும் நிற்கணுமா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "சரி, அப்போ நான் எண்ணிக்கொண்டே நிற்கிறேன்" என்றான்.