ஐல் ராயல் படகுப் பயணம்: புதுப்பிப்பு

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், சுப்பீரியர் ஏரியில் இருக்கும் ஐல் ராயல் என்ற தேசியப் பூங்காத் தீவுக்குக் கூட்டாகப் படகில் போய் மீன்பிடிக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா, ஒருவழியாக ஜூலை கடைசி வாரம் என்று முடிவாகிவிட்டது. நாயைக் கூட்டிவரலாமா என்று கேட்டவர்களுக்கு: கூடாது, படகிலேயே கட்டி வைத்திருந்தாலும் பூங்கா எல்லைக்குள் அனுமதியில்லை. சுப்பீரியரில் தூண்டில் போட மிச்சிகன் உரிமம் வேண்டும், தீவுக்குள் இருக்கும் ஏரிகளுக்கு வேண்டாம், ஆனால் அங்கே செயற்கை இரை மட்டும்தான், அதனால் மண்புழு டப்பாவை மறந்துவிடுங்கள். எனக்குக் கவலையெல்லாம் தண்ணீர்தான். கோடையிலும் கையை விட்டால் விரல் மரத்துப்போகும், மூடுபனி இறங்கினால் எதிரே வரும் படகு தெரியாது. ஆகவே விஎச்எஃப் ரேடியோ (படகுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கருவி) கட்டாயம், உயிர்காப்பு அங்கி பெட்டிக்குள் இல்லை, உடம்பில் இருக்க வேண்டும். அப்புறம், காற்று பலமாக இருந்தால் கரையிலேயே காத்திருப்போம், லீவைக் கொஞ்சம் கூடுதலாகவே போடுங்கள்.