உச்சி வெயிலில் காருக்கு வாக்ஸ் போட்ட கதை: உங்கள் அனுபவமும் சொல்லுங்கள்

முதல் முறை வாக்ஸ், அதாவது பெயின்ட்டுக்கு மேலே பூசுகிற மெழுகு, போட்டபோது நான் செய்யாத தப்பே இல்லை. கார் கறுப்பு நிறம். மதியம் கழுவி, வெயிலில் காயட்டும் என்று விட்டுவிட்டு, சூடு ஆறாத பானெட்டிலேயே ஆரம்பித்தேன். மெல்லிசாகப் பூசச் சொல்லி டப்பாவில் போட்டிருந்தது. நிறையப் போட்டால் நிறையப் பளபளக்கும் என்பது என் கணக்கு. சுவருக்கு வெள்ளையடிக்கிற மாதிரி அப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் அது காய்ந்து இறுகிவிட்டது. துடைத்தால் வரவில்லை. அழுத்தினால் துணி வழுக்காமல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பானெட் முழுக்க வெள்ளைத் திட்டு, எனக்குத் தோள்பட்டையே விட்டுப்போனது. எதிர் வீட்டு அண்ணன் பார்த்துவிட்டு வந்தார். "தேய்க்காதப்பா, நிறுத்து. வண்டியை நிழலுக்குத் தள்ளு. சூடு ஆறினதும் அதே வாக்ஸைக் கொஞ்சம் அது மேலயே தடவி உடனே துடை" என்றார். பட்ட இடத்திலேயே இன்னும் பூசுவதா என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் புது வாக்ஸில் இருக்கும் கரைப்பான் அடியில் இறுகியிருந்ததை இளக்கிவிட்டது. இரண்டு இழுப்பில் வந்துவிட்டது.

அத்தோடு முடியவில்லை. சாயங்கால வெளிச்சத்தில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல்கள். பாதி பழையது, பாதி அன்றைக்கு நான் தேய்த்த தேய்ப்பில் வந்தது. வாக்ஸ் போட்டால் கீறல் போய்விடும் என்று நினைத்திருந்தேன். வாக்ஸ் வெறுமனே மேலே ஒரு படலமாக உட்காரும், அவ்வளவுதான். கீறலை எடுப்பது பாலிஷ். அது கிளியர் கோட்டை, அதாவது நிறத்துக்கு மேலே இருக்கும் கண்ணாடி மாதிரியான பூச்சை, துளித்துளியாகச் சீவித்தான் சமப்படுத்தும். அந்தக் கிளியர் கோட்டே பெரும்பாலும் 40, 50 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) கனம்தான், சீவிக்கொண்டே இருக்க முடியாது.

இப்போதெல்லாம் வாக்ஸ் டப்பாவைத் திறப்பதற்கு முன்னாலேயே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். கழுவியதும் கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பெயின்ட்டைத் தடவிப் பார்ப்பேன். வெறும் கைக்கு வழவழப்பாகத் தெரிவது பைக்குள்ளிருந்து தடவினால் மணல்தாள் மாதிரி நெருடும். அப்படி நெருடினால் தண்ணீர் தெளித்துக்கொண்டே கிளே பார் (களிமண் மாதிரி பிசைகிற கட்டி) தேய்த்து, பெயின்ட்டில் ஒட்டியிருக்கும் அந்த அழுக்கை எடுத்துவிட்டுத்தான் வாக்ஸ். அதையும் நிழலில், ஒவ்வொரு பாகமாக. பூசியது மங்கலானதும் விரலால் ஒரு கோடு இழுப்பேன். கோடு சுத்தமாக விழுந்தால் துடைக்கலாம், இழுசினால் இன்னும் காயணும். துணி தரையில் விழுந்துவிட்டால் அதை மறுபடி பெயின்ட்டில் வைக்கவே மாட்டேன்.

வெள்ளைக் கார்க்காரர்:
அண்ணா, எனக்குப் பாடம் நடத்தியது ஒரு காக்கா. பாதி கார் முடிப்பதற்குள் இருட்டிவிட்டது, மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். மறுநாள் காலையில் இரண்டு பக்கமும் எச்சம். வாக்ஸ் போட்ட பக்கம் ஈரத்துணியை ஊற வைத்து எடுத்தேன், தடமே இல்லை. போடாத கதவில் மங்கலாக ஒரு வட்டம் இன்னும் இருக்கிறது. அதற்காக வாக்ஸை நம்பி எச்சத்தை நாள்கணக்கில் விட்டுவிடாதீர்கள். அது அமிலம். வாக்ஸ் கொஞ்சம் அவகாசம்தான் வாங்கித் தரும்.

இரவுப் பயணி:
நான் ஆர்வக்கோளாறில் வாக்ஸ் துடைத்த துணியாலேயே முன்கண்ணாடியையும் துடைத்துவிட்டேன். அன்று ராத்திரி மழை. வைப்பர் தடதடவென்று குதிக்கிறது, எதிரே வரும் விளக்கெல்லாம் எண்ணெய் மாதிரி கண்ணாடியில் படர்கிறது. ஓரமாக நிறுத்திவிட்டு மழை விடும்வரை உட்கார்ந்திருந்தேன்.

புதுசாகக் கார் வாங்கியவர்:
கறுப்பு பிளாஸ்டிக் பம்பரில் வாக்ஸ் பட்டு வெள்ளையாக நிற்கிறது. என்ன செய்வது? ஒரு தடவை போட்டால் எத்தனை நாள் வரும்?

கறுப்புக் கார் (பதிவிட்டவர்):
பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள் தம்பி, எனக்குப் பெரும்பாலும் போயிருக்கிறது. அடுத்த முறை முதலிலேயே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். நான் போடுவது கார்னாபா, பிரேசில் பனை ஓலையிலிருந்து எடுக்கிற மெழுகு. வெயிலில் நிற்கும் வண்டிக்கு இரண்டு மாதம் தாங்கினால் நல்லது. பாத்திரம் கழுவும் சோப்பால் காரைக் கழுவினால் அதுவும் தாங்காது. தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் பாய் விரித்த மாதிரி படர ஆரம்பித்தால் நான் மறுபடி டப்பாவை எடுத்துவிடுவேன். போன வாரம்தான் எடுத்தேன், எதிர் வீட்டு அண்ணன் காருக்கும் சேர்த்து.