திருமண வரவேற்பில் ஒயின் பரிமாறலாமா? வேதத்தின் நிலைப்பாடு என்ன?

பெரம்பூர்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த குடும்பத்தார். வரும் ஜனவரியில் என் தங்கைக்குத் திருமணம். மாப்பிள்ளை வீட்டார் ஆங்கிலோ இந்தியக் கத்தோலிக்கர்கள். வரவேற்பில் கேக் வெட்டியதும் மணமக்களை வாழ்த்தி எல்லாரும் ஒயின் அருந்துவது அவர்கள் வீட்டில் தலைமுறைகளாக நடந்துவரும் வழக்கம். அது கூடவே கூடாது என்று என் அப்பா உறுதியாக நிற்கிறார். கானா ஊர்க் கலியாணத்தில் ஆண்டவர் இயேசுவே திராட்சரசம் கொடுத்தாரே என்று சம்பந்தி வீட்டார் கேட்கிறார்கள்.

என்னுடைய கவலை இந்த வாதத்தையும் தாண்டியது. எங்கள் சித்தப்பா பல ஆண்டுகள் குடிக்கு அடிமையாக இருந்து, சிகிச்சை பெற்று, இப்போதுதான் மீண்டிருக்கிறார். வேதம் மதுவை அடியோடு விலக்குகிறதா, வெறிகொள்வதை மட்டும் விலக்குகிறதா? சம்பந்தி வீட்டாரின் மனம் நோகாமலும் சித்தப்பாவுக்குச் சோதனை வராமலும் இதை எப்படி நடத்துவது?

சாந்தோம் மறைக்கல்வி ஆசிரியர்:

கத்தோலிக்கத் திருச்சபை மதுவைத் தன்னளவிலே பாவம் என்று போதிப்பதில்லை. மனிதரின் இதயத்தை மகிழ்விக்க இறைவன் தந்தவற்றுள் திராட்சை இரசத்தையும் 104ஆம் திருப்பாடல் சேர்த்துச் சொல்கிறது. அதேவேளையில், உணவிலும் மதுவிலும் அளவு மீறுவதைத் தவிர்க்க வேண்டும் என்றும், குடிபோதையில் வாகனம் ஓட்டிப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பவர் கனமான குற்றத்துக்கு ஆளாகிறார் என்றும் கத்தோலிக்கப் போதனைகளின் தொகுப்பான மறைக்கல்வி ஏட்டின் 2290ஆம் பத்தி கூறுகிறது. வரவேற்பு முடிந்து பாதிப் பேர் இரு சக்கர வாகனத்தில் வீடு திரும்பும் இந்த ஊரில் அதை இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

சம்பந்தி வீட்டாரிடம் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியது இன்னொன்று உண்டு. திருப்பலிக்கான இரசம் திராட்சைப் பழத்திலிருந்து இயற்கையாகப் பெறப்பட்டுக் கெட்டுப்போகாததாக இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். ஆனால் குடிநோயால் பாதிக்கப்பட்ட குருவானவர், ஆயரின் அனுமதியோடு, புளிப்பு முற்றாமல் நிறுத்தப்பட்ட ‘மஸ்டம்’ என்னும் திராட்சைச் சாற்றைப் பயன்படுத்தலாம். பலிபீடத்திலேயே ஒருவருடைய பலவீனத்துக்காக இவ்வளவு இடம் தருகிற திருச்சபையைச் சேர்ந்தவர்கள், வரவேற்பு மேடையில் அதே இடத்தைத் தர மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

தாம்பரம் விசுவாசி:

கர்த்தருக்கு ஸ்தோத்திரம், சகோதரரே. எங்கள் பெந்தெகொஸ்தே சபையில் ஒரு துளிக்கும் இடமில்லை. கானாவில் நடந்ததை நான் மறுக்கவில்லை; தம் சீடர் தீமோத்தேயுவின் வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள்ளும்படி அப்போஸ்தலர் பவுல் எழுதியதையும் மறுக்கவில்லை. ஆனால் அன்றைய மேசையில் சாப்பாட்டோடு இருந்த ரசமும், இன்று நம் தெருமுனையில் 42.8 சதவீத ஆல்கஹாலுடன் விற்கும் பிராந்தியும் ஒன்றல்ல. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் சகோதரிகள் எழுதிக் கொடுக்கும் விண்ணப்பச் சீட்டுகளைப் பிரித்துப் பாருங்கள்: “கணவர் குடியை விட வேண்டும்” என்ற வரி வாரந்தோறும் வரும். அந்தச் சீட்டை எழுதிய சகோதரி உட்கார்ந்திருக்கிற மண்டபத்தில் கோப்பையை உயர்த்த எனக்குக் கை வராது. “முடிவிலே அது பாம்பைப்போல் கடிக்கும்” என்று நீதிமொழிகள் 23இல் வாசிக்கிறோமே!

மறுவாழ்வில் ஒருவன்:

தம்பி, நானும் குடிநோயிலிருந்து மீண்டு வருகிறவன். குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குத் தவறாமல் செல்கிறவன். உங்கள் இடத்தில் நான் இருந்தால் கானாவிலிருந்து தொடங்க மாட்டேன். ரோமர் 14:21இலிருந்து தொடங்குவேன். மாம்சம் புசிப்பதும் மது குடிப்பதும் சகோதரன் இடறுவதற்கு ஏதுவானால் அவற்றைச் செய்யாதிருப்பதே நன்மை என்று பவுல் அங்கே சொல்கிறார். குடிப்பது பாவமா இல்லையா என்று அவர் அந்த இடத்தில் தீர்ப்புச் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவன் யார் என்று பார்க்கச் சொல்கிறார்.

மேடையில் இருக்கும் கோப்பையைவிட, தட்டை நீட்டிக்கொண்டு வரும் உறவினர்தான் எங்களைப் போன்றவர்களுக்கு ஆபத்து. “கலியாண வீடுதானே, ஒரே ஒரு மடக்கு” என்று அன்போடு சொல்வார்கள். மறுத்தால் மண்டபம் முழுவதும் நம்மைப் பார்ப்பதுபோல் இருக்கும். ஆகவே சித்தப்பாவுக்கு மட்டும் தனியாகப் பழச்சாறு கொடுத்து அவரை அடையாளம் காட்டாதீர்கள். வாழ்த்துக்கு எல்லாருடைய கோப்பையிலும் திராட்சைச் சாறே இருக்கட்டும்.

சித்தப்பா, குடியை விட்டவர்களுக்குக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று முதலில் கேளுங்கள். அது உடலில் இருக்கும்போது சிறிதளவு மது சேர்ந்தாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் இறங்கிவிடும். உலர்பழங்களை ரம்மில் ஊறவைத்துச் செய்யும் கேக்கும் இதில் அடங்கும். அதை யாரும் மதுவாக நினைப்பதில்லை என்பதால்தான் சொல்கிறேன். இவற்றையெல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால் நீங்களே முடிவு செய்யாமல், அவரையே உட்காரவைத்துப் பேசுங்கள்.

பெரம்பூர்வாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு சித்தப்பாவிடமே பேசினேன், ஐயா. நீங்கள் குறிப்பிட்ட மாத்திரையைத்தான் அவர் சாப்பிடுகிறார். கேக்கைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மாப்பிள்ளையின் தாயாரிடம் மஸ்டம் பற்றிச் சொன்னபோது, வாழ்த்துக்குத் திராட்சைச் சாறும், ரம் சேர்க்காத கேக்கும் வைக்க உடனே சம்மதித்தார்கள். அவர்களுடைய பெரியவர்களுக்கு மட்டும் மாடி அறையில் ஒயின் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். சித்தப்பா அதற்குச் சரி என்கிறார். அப்பா இன்னும் இணங்கவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபைப் போதகரான ஐயரிடம் அப்பாவும் நானும் சேர்ந்து போய்ப் பேசப்போகிறோம்.