ஜெர்மனியில் காற்றாலையை இடிக்கிறார்களாம்!

குழு: சிதம்பரம் வீட்டார்
சனிக்கிழமை

சேகர் சித்தப்பா, காலை 7.05
[பலமுறை ஃபார்வர்ட் செய்யப்பட்டது]
ஜெர்மனியில் காற்றாலைகளை இடித்துத் தள்ளிவிட்டு நிலக்கரி தோண்டுகிறார்கள்!! உலகத்துக்கே பசுமைப் பாடம் எடுத்தவர்கள் இவர்கள்! நமக்கு மட்டும் ஏன் உபதேசம்? உண்மையான இந்தியன் பத்துப் பேருக்கு அனுப்பவும்.
[வீடியோ]

கவிதா அத்தை, 7.20
எல்லோருக்கும் காலை வணக்கம். எங்கள் தெருவில் இன்றைக்கு 9 மணியிலிருந்து 2 மணி வரை கரண்ட் இருக்காது. போன் சார்ஜ் தீர்ந்துவிடும், எடுக்கவில்லை என்று யாரும் கோபப்படாதீர்கள்.

கோவை மாமா, 7.31
அதே வீட்டில்தான் நானும் இருக்கிறேன். என் போன் எடுக்கும்.

நெய்வேலி பெரியப்பா, 7.48
சேகர், இடிக்கிறார்களோ இல்லையோ, தோண்டுவது உண்மை. நாங்கள் சுரங்கத்தில் மண் தோண்ட ஓட்டிய பக்கெட் வீல் மிஷினே அங்கிருந்து வந்ததுதான். அவர்களுக்கும் நம்மைப் போல லிக்னைட், அதாவது பழுப்பு நிலக்கரி. கறுப்புக்கூட இல்லை, மண் நிறத்தில் ஈரமாக இருக்கும். தேனு அந்தச் சுரங்கங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறாள். எழுந்ததும் சொல்லுவாள்.

சேகர் சித்தப்பா, 7.52
பார்த்தீர்களா, அண்ணனே சொல்லிவிட்டார்.

அருண், 8.10
சித்தப்பா, வீடியோ பழசு. 2022, 23-இல் சுற்றியது. இப்போது யாரோ மறுபடி தட்டி எழுப்பியிருக்கிறார்கள்.

சேகர் சித்தப்பா, 8.11
பழசானால் பொய்யாகிவிடுமா?

தேன்மொழி அக்கா, 11.50
குட் மார்னிங். இங்கே இப்போதுதான் விடிந்தது. சித்தப்பா, வீடியோ பொய் இல்லை. ஆனால் பாதிக் கதைதான். கார்ட்ஸ்வைலர் என்று ஜெர்மனியின் மேற்கே ஒரு திறந்தவெளிச் சுரங்கம். அதன் ஓரத்தில் எட்டுக் காற்றாலைகள் இருந்தன. 2001-இல் போட்டவை. அனுமதியே காலக்கெடுவோடு கொடுத்தது. சுரங்கம் அந்தப் பக்கம் நகர்ந்ததும் ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள்.

தேன்மொழி அக்கா, 11.54
அதே சுரங்கத்துக்காக லூட்ஸெராட் என்ற சின்ன ஊரை 2023 ஜனவரியில் போலீஸ் வந்து காலி செய்தது. ஊர்க்காரர்கள் முன்பே போய்விட்டார்கள். மரத்து மேல் குடிசை கட்டிக்கொண்டு இருந்தவர்கள் போராட்டக்காரர்கள். பருவநிலைப் போராளி கிரேட்டா துன்பெர்க்கைக்கூடத் தூக்கிக்கொண்டு போனார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த ஒப்பந்தத்தைப் போட்ட மந்திரி பசுமைக் கட்சிக்காரர். மேற்கே நிலக்கரியை மூடும் ஆண்டை 2038-லிருந்து 2030-க்குக் கொண்டுவருகிறோம், பக்கத்து ஐந்து ஊர்களை விட்டுவிடுகிறோம், இந்த ஒன்றை மட்டும் கொடுத்துவிடுங்கள் என்பது பேரம்.

அருண், 11.56
2023 ஜூலையில் நெய்வேலிப் பக்கம் வளையமாதேவியில் நெல் வயலுக்குள் மண் தோண்டும் இயந்திரம் இறங்கியதை டிவியில் பார்த்தோமே, அந்த மாதிரி.

நெய்வேலி பெரியப்பா, 11.59
அது பரவனாற்றைத் திருப்ப வாய்க்கால். அறுவடைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. சுரங்கத்தில் வேலை பார்த்த எனக்கே பார்க்க முடியவில்லை, சேனலை மாற்றிவிட்டேன்.

சேகர் சித்தப்பா, 12.03
அதெல்லாம் இருக்கட்டும். ரஷ்யா கேஸை நிறுத்தியதும் மூடிய நிலக்கரி நிலையத்தை எல்லாம் திறந்தார்களா இல்லையா? கூடவே நன்றாக ஓடிய அணு உலையையும் மூடினார்கள். இது எந்த ஊர் புத்திசாலித்தனம்?

தேன்மொழி அக்கா, 12.09
திறந்தார்கள். ஓரங்கட்டி வைத்திருந்த யூனிட்டுகளை 2022-இல் ஓட்டி, 2024 மார்ச் கடைசியில் மறுபடி மூடினார்கள். அணு உலை விஷயத்தில் நான் உங்கள் பக்கம், சித்தப்பா. கடைசி மூன்றையும் 2023 ஏப்ரல் 15 அன்று நிறுத்தினார்கள். நிலக்கரியை முதலில் மூடிவிட்டு அதை அப்புறம் பார்த்திருக்கலாம். ஆபீஸில் இதைச் சொன்னால் பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள்.

தேன்மொழி அக்கா, 12.11
ஆனால் ஃபார்வர்டில் வராத பக்கம் ஒன்று இருக்கிறது. 2024-இல் இங்கே மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு ஐந்தில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல். காற்று, சூரியன் எல்லாம் சேர்ந்து பாதியைத் தாண்டிவிட்டது.

சேகர் சித்தப்பா, 12.15
நூற்றைம்பது வருஷம் எரித்துப் பணக்காரர் ஆனவர்கள், செய்யட்டும். நம் ஊரில் தலைக்கு வருஷம் சுமார் 2 டன் கார்பன். அவர்களுக்கு ஏழெட்டு. அமெரிக்காக்காரனுக்கு 14. அவனோ பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தை விட்டு ரெண்டாவது முறையாக வெளியே போய்விட்டான். இந்தக் கணக்கை யாராவது மறுக்க முடியுமா?

அருண், 12.18
மறுக்கவில்லை, சித்தப்பா. கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் 2021-இல் நாமும் அதைத்தான் சொன்னோம். நிலக்கரியை "ஒழிப்போம்" என்று இருந்ததைக் கடைசி நேரத்தில் "குறைப்போம்" என்று மாற்ற வைத்தது இந்தியா. 2070-இல் நிகர பூஜ்யம், அதாவது விடுகிற கார்பனும் உறிஞ்சுகிற கார்பனும் சமம் என்று நம் பிரதமர் சொன்னதும் அங்கேதான். 2030-க்குள் மின் நிறுவுதிறனில் பாதி நிலக்கரி, எரிவாயு இல்லாததாக இருக்கும் என்ற வாக்கு 2025-லேயே நிறைவேறிவிட்டது.

சேகர் சித்தப்பா, 12.19
சபாஷ். அப்புறம் என்ன?

அருண், 12.22
அது நிறுவுதிறன், சித்தப்பா. நிலையங்களால் அதிகபட்சம் எவ்வளவு முடியும் என்ற கணக்கு. உண்மையில் ஓடும் மின்சாரத்தில் இன்னும் சுமார் 70% நிலக்கரிதான். சூரியன் ஆறு மணிக்குப் போய்விடும். வீட்டுக்கு வந்து எல்லோரும் ஏசி போடுவது அதற்கு அப்புறம். தமிழ்நாட்டில் 2024 மே 2 அன்று உச்சத் தேவை 20,830 மெகாவாட். அந்த மாலை நேரத்துக்குப் பேட்டரியோ, தண்ணீரை மேலே ஏற்றி வைத்துத் தேவைப்படும்போது மின்சாரம் எடுக்கும் நீரேற்று நிலையமோ வரும் வரை நெய்வேலி, தூத்துக்குடி எல்லாம் ஓடத்தான் வேண்டும்.

நெய்வேலி பெரியப்பா, 12.30
நீங்கள் எல்லோரும் மெகாவாட் பேசுகிறீர்கள். தேனு, எனக்கு ஒன்று சொல். அங்கே மூடினால் ஆட்களை என்ன செய்தார்கள்?

தேன்மொழி அக்கா, 12.41
அப்பா, கொஞ்சம் நீளமாக வரும், பொறுங்கள்.

தேன்மொழி அக்கா, 12.52
நான் இருக்கிற கோட்புஸ் ஊர் ஜெர்மனியின் கிழக்கே. இந்தப் பகுதிக்கு லவுசிட்ஸ் என்று பெயர். 1989-இல் இங்கே லிக்னைட் வேலையில் சுமார் 80,000 பேர். கிழக்கு ஜெர்மனியும் மேற்கு ஜெர்மனியும் ஒன்றான பிறகு பத்துப் பதினைந்து வருஷத்தில் பத்தாயிரத்துக்கும் கீழே போய்விட்டது. அப்போது யாரும் யாரையும் கேட்கவில்லை. சந்தை பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். இளசுகள் மூட்டை கட்டிக்கொண்டு மேற்கே போய்விட்டார்கள். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

தேன்மொழி அக்கா, 12.58
அதனால் 2020-இல் சட்டம் போட்டபோது இரண்டு விஷயம் எழுத்தில் வைத்தார்கள். ஒன்று, எந்த யூனிட் எந்த ஆண்டு மூடும் என்ற பட்டியல், கடைசி 2038. இன்னொன்று, சுரங்கப் பகுதிகளுக்கு 4,000 கோடி யூரோ வரை. 58 வயது தாண்டியவர்கள் வேலை போனால் ஓய்வூதியம் வரும் வரை ஐந்து வருஷத்துக்கு அரசு மாதப் பணம் தரும். கோட்புஸில் ரயில்வேக்காரர்கள் பெரிய பட்டறை போட்டிருக்கிறார்கள். வேக ரயில்களைப் பழுது பார்ப்பது. 2024 ஜனவரியில் திறந்தது. 1,200 வேலை என்று திட்டம். பழைய சுரங்கக் குழியில் 2019-லிருந்து ஆற்றுத் தண்ணீரை விட்டு ஏரியாக்குகிறார்கள்.

கோவை மாமா, 13.02
அடேங்கப்பா. அப்புறம் என்ன, எல்லோரும் சந்தோஷம்தானே?

தேன்மொழி அக்கா, 13.07
அதுதான் இல்லை, மாமா. 2025 பிப்ரவரி தேர்தலில் இந்தப் பக்கம் முழுக்க, நிலக்கரியை மூடக்கூடாது என்கிற ஏஎஃப்டி கட்சிதான் முதலிடம். என் வீட்டுக்காரம்மாவின் கணவர் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன். அவர் சொல்வார்: "பட்டறை வேலை என் பேரனுக்கு. பணம் நகராட்சிக்கு, புதுச் சாலைக்கு. எனக்கு என்ன?" பணம் வந்தது. ஆனால் தன்னைக் கேட்டு வரவில்லை என்பது அவர் எண்ணம். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை.

கவிதா அத்தை, 13.10
தேனு, அங்கே சுரங்கத்துக்காக வீடு இடிபட்டவர்களுக்கு என்ன கொடுத்தார்கள்? (மாமா போனிலிருந்து)

தேன்மொழி அக்கா, 13.16
இழப்பீடு, மாற்று ஊர் எல்லாம் உண்டு, அத்தை. ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் இந்தச் சுரங்கங்களுக்குப் போயிருக்கின்றன. நிறைய ஊர்களில் சோர்பியர் என்ற சிறுபான்மை மக்கள். ஹோர்னோ என்ற ஊரை அப்படியே எடுத்து வேறு இடத்தில் வைத்தார்கள். அங்கே காணாமல் போன ஊர்களுக்கு ஒரு காப்பகம் இருக்கிறது. தரை முழுக்க வரைபடமாக நெய்த கம்பளம். அதன் மேல் நடந்து ஒவ்வொரு ஊரையும் பார்க்கலாம். செருப்போடு மிதிக்க எனக்கு மனசு வரவில்லை.

நெய்வேலி பெரியப்பா, 13.25
தண்ணீர் பற்றிச் சொல். இங்கே லிக்னைட்டுக்குக் கீழே அழுத்தத்தோடு நீர் இருக்கிறது. இருபத்து நான்கு மணி நேரமும் பம்ப் ஓடவில்லை என்றால் சுரங்கம் முழுகிவிடும். அந்தத் தண்ணீர்தான் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போகிறது. சுரங்கம் நிலத்தை எடுத்தது என்று திட்டுகிற அதே விவசாயி சுரங்கத் தண்ணீரில் நாற்று விடுகிறான். மூடினால் பம்பும் நிற்கும். அதை யார் யோசித்தார்கள்?

தேன்மொழி அக்கா, 13.31
அப்பா, அப்படியே இதே பிரச்சினை இங்கேயும்! ஸ்பிரே ஆற்றில் கோட்புஸ் பக்கம் ஓடுவதில் பாதி, சுரங்கத்திலிருந்து பம்ப் செய்த தண்ணீர். வறண்ட கோடையில் அதற்கும் மேல். அந்த ஆறுதான் பெர்லினுக்குக் குடிநீர். சுரங்கம் நின்றால் ஆறு வற்றும் என்று சுற்றுச்சூழல் துறையே 2023-இல் ஆய்வு போட்டது. எந்த ஆற்றிலிருந்து தண்ணீரைத் திருப்பலாம் என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அருண், 13.33
இது எனக்குத் தெரியவே தெரியாது, பெரியப்பா.

சேகர் சித்தப்பா, 13.36
அப்படியென்றால் மூடவே வேண்டாம் என்றுதானே ஆகிறது?

நெய்வேலி பெரியப்பா, 13.44
அப்படி நான் சொல்லவில்லை, சேகர். 1962-இல் ரஷ்யாக்காரன் உதவியில் ஓட ஆரம்பித்த முதல் நிலையத்தை 2020-இல் மூடியாகிவிட்டது. லிக்னைட் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் கரியமில வாயு விடும். எனக்குத் தெரியாதா? எப்போதாவது மூடத்தான் போகிறார்கள். எந்த வருஷம் என்று வேலை செய்கிறவனிடம் சொல்லுங்கள் என்கிறேன். நிரந்தர ஆளை வேறு யூனிட்டுக்கு மாற்றலாம். ஒப்பந்தத் தொழிலாளி? அவன் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கும்? சோலார் போடுகிறார்கள், சரி. அது விருதுநகர், ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கம். மின்சாரம் அங்கே, ஆள் இங்கே. தகடு துடைக்க எத்தனை பேர் வேண்டும்?

கோவை மாமா, 13.50
மச்சான் சொல்வது சரி. என் கதையையும் கேளுங்கள். என்னிடம் நட்டு, போல்ட் வாங்குகிற ஜெர்மன் கம்பெனி ஒரு எக்ஸெல் ஷீட் அனுப்பியிருக்கிறது. டன்னுக்கு எவ்வளவு கார்பன், நிரப்பு என்று. 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பாவில் எல்லைக் கார்பன் வரி, சிபாம் என்கிறார்கள். வருஷம் 50 டன்னுக்குக் கீழே இறக்குமதி செய்கிறவனுக்கு விலக்கு உண்டு. என் பார்ட்டி அதற்கு மேல். நான் கூரையில் சோலார் போட்டு நம்பரைக் குறைக்கலாம் என்று கொட்டேஷன் எல்லாம் வாங்கிவிட்டேன்.

தேன்மொழி அக்கா, 13.55
மாமா, சோலார் போடுங்கள், கரண்ட் பில் குறையும். ஆனால் அந்த ஷீட்டுக்கு அது உதவாது. இரும்புப் பொருளுக்கு இப்போதைக்கு நேரடிப் புகையைத்தான் கணக்கெடுக்கிறார்கள். வாங்கும் மின்சாரம் சேராது. உங்கள் போல்ட்டின் கார்பனில் பெரும்பகுதி நீங்கள் வாங்கும் கம்பிச் சுருளில் இருக்கிறது. ஊதுலையில் தாதுவிலிருந்து உருக்கியதா, பழைய இரும்பை மின் உலையில் உருக்கியதா என்று ஆலையிடம் கேளுங்கள். ரெண்டுக்கும் பல மடங்கு வித்தியாசம் வரும்.

கோவை மாமா, 13.58
கம்பி விற்கிறவன் டெஸ்ட் சர்டிபிகேட் கொடுப்பதற்கே நாலு முறை போன் செய்ய வேண்டியிருக்கிறது. கார்பனைக் கேட்டால் சிரிப்பான்.

சேகர் சித்தப்பா, 14.02
நான் என்ன சொன்னேன்? கடைசியில் வரி நம் தலையில்தான்.

தேன்மொழி அக்கா, 14.05
அந்தக் கோபம் நியாயம், சித்தப்பா. கிளாஸ்கோவிலிருந்து பிரேசில் மாநாடு வரை இந்தியா கேட்பது அதைத்தான். வரி போடுகிற நீ, மாற்றத்துக்குப் பணம் எங்கே என்று. அதற்குக் காற்றாலை வீடியோ வேண்டாம்.

நெய்வேலி பெரியப்பா, 14.12
தேனு, அந்த 58 வயதுக்காரர்களுக்குப் பணம் கொடுக்கிற சட்டம் ஆங்கிலத்தில் இருக்கிறதா? சங்கத்தில் இன்னும் இருக்கிற பசங்களிடம் கொடுக்க வேண்டும்.

தேன்மொழி அக்கா, 14.14
ஜெர்மனில்தான் இருக்கிறது, அப்பா. சுருக்கமாகத் தமிழில் எழுதி அனுப்பட்டுமா?

நெய்வேலி பெரியப்பா, 14.17
சுருக்கம் வேண்டாம், முழுசாக எழுது. கான்ட்ராக்டர் கீழே வேலை பார்க்கிறவனுக்கு அதில் உண்டா இல்லையா, அதை மட்டும் முதலில் பார்த்துச் சொல்.