முட்டி வலி என்று போனோம், இடுப்பில் ஸ்க்ரூ போட்டார்கள்

வைகைக்கரை:
பையனுக்கு 12 வயது, கொஞ்சம் பூசினாற்போல உடம்பு. முட்டி வலி என்று மாதக்கணக்கில் நொண்டினான். முட்டி எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை; "வளர்ற வயசு வலி" என்று மாத்திரையோடு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் பார்த்த எலும்பு டாக்டர் முட்டி பக்கமே போகவில்லை. மல்லாக்கப் படுக்கவைத்து, தொடையை மடக்கி வயிற்றுப் பக்கம் தூக்கினார். கால் நேராக வராமல், தானாக வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டு போனது. இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலைப்பந்து, வளர்ச்சித் தட்டு (எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதி) இருக்கும் இடத்தில் நழுவியிருக்கிறதாம், SCFE என்பார்களாம். "இனி இவன் ஒரு அடி நடக்கக் கூடாது, வீல்சேர் கொண்டு வாங்க" என்றார். அன்று காலையில்தான் பள்ளிக்கூடத்தில் மாடி ஏறியிருந்தான்! மறுநாளே பந்து மேலும் நழுவாமல் இருக்க ஸ்க்ரூ, ஒன்றே ஒன்று. தழும்பைத் தேடத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கால் திரும்பிய விதம் கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

நெல்லை அக்கா:
உங்களுக்கு ஒரே ஸ்க்ரூவோடு முடிந்தது. என் மகள் கூடத்தில் வழுக்கி விழுந்தாள், அவ்வளவுதான். ஊன்றுகோல் வைத்துக்கூட நிற்க முடியவில்லை. அதே நழுவல்தான், ஆனால் வேறு ரகமாம், ஆபத்தும் அதிகமாம். ஆபரேஷன் முடிந்து வந்த டாக்டர், "ஸ்க்ரூ நல்லா உட்கார்ந்திருக்கு. பந்துக்கு ரத்தம் போகுதான்னு போகப் போகத்தான் தெரியும்" என்றார். ஒவ்வொரு எக்ஸ்ரேயையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். எனக்கு என்ன புரியப்போகிறது!

தஞ்சாவூர் மாமா:
அக்கா, பயமுறுத்தாதீங்க. என் அண்ணன் மகனுக்கு இரண்டு பக்கமும் போட்டார்கள், இப்போது ஓடியாடுகிறான். எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள்: படம் எடுத்தால் இரண்டு இடுப்பையும் எடுங்கள், தவளை மாதிரி காலை விரித்துவைத்து எடுப்பதையும் சேர்த்து. நேர்ப்படத்தில் லேசான நழுவல் தப்பிவிடும். 10 வயதுக்குள் வந்தால் தைராய்டு பார்க்காமல் விடாதீர்கள். கட்டுப் போடுகிறேன் என்று யாராவது இழுத்து உருவ வந்தால் கிட்டே விடாதீர்கள், நழுவியது இன்னும் நழுவும். வளர்ச்சித் தட்டு மூடுவதற்குள் ஸ்க்ரூவை எடுக்கச் சொல்லி நச்சரிக்காதீர்கள். எடையைக் குறையுங்கள். நல்ல காலுக்கும் இப்போதே ஒன்று போட்டுவிடுவது உத்தமம்.

வைகைக்கரை:
மாமா, மற்றதெல்லாம் சரி. நல்ல காலுக்கும் போடு என்று பொதுவாகச் சொல்லாதீங்க. வயது, தைராய்டு எல்லாம் பார்த்துவிட்டு, அந்தக் காலை அவ்வப்போது படம் எடுத்துக் கவனித்தால் போதும் என்றுதான் எங்கள் டாக்டர் சொன்னார். வலித்தால் அன்றே வரவேண்டுமாம், முட்டியில் வலித்தாலும்.
நெல்லை அக்கா, மகள் குத்தவைத்து உட்காருகிறாளா? இவன் அப்படி உட்கார்ந்தால் முட்டி இரண்டும் இன்னும் சேரவில்லை.