ட்யூன் செய்த பி16 எஞ்சினுக்கு நான்கு த்ரொட்டில் பொடி: மலைநாட்டில் சரிவருமா?

ஹட்டன் ஈகே:
வணக்கம். என்னுடையது சிவிக் ஈகே4 ஹேட்ச்பேக், பி16ஏ எஞ்சின். ஹெட் போர்ட்டிங் (காற்று போகும் வழிகளைச் செதுக்குவது) முடிந்தது. வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும் நீண்ட டியூரேஷன் கேம் போட்டாயிற்று, கம்ப்ரஷன் விகிதம் 11.5. வெளியே வாங்கிய ஈசியூவில் (எஞ்சினை இயக்கும் கணினி) ஓடுகிறது, 95 பெற்றோல் மட்டும்தான் அடிக்கிறேன். அடுத்ததாக, இருக்கும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு த்ரொட்டில் பொடி (எஞ்சினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் பாகம்) போடப் போகிறேன். ஏப்ரல் சீசனில் மாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியில் ஓட ஆசை. மற்ற நாட்களில் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, கொழும்பு என்று வீட்டுப் பாவனைதான். கம்பளை அண்ணன் வேண்டாம் என்கிறார். காரணத்தை இங்கேயே எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறேன், மற்றவர்களும் சொல்லுங்கள்.

கம்பளை கராஜ்:
தம்பி, உங்கள் எஞ்சின் வேலையில் குறை இல்லை. ஆனால் நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல் என்றால் அங்கே சுமார் 81தான். டர்போ இல்லாத எஞ்சினுக்கு அங்கே ஐந்தில் ஒரு பங்கு அழுத்தம் போய்விடுகிறது. கம்பனி 170 பிஎஸ் என்று சொன்ன பி16ஏ அந்த ஊரில் 140 பக்கம்தான் தரும். வெளியே இல்லாத காற்றை நான்கு த்ரொட்டில் எங்கிருந்து கொண்டுவரும்? அந்தக் காசைச் சிறிய டர்போவில் போட்டால் உயரத்தில் இழந்ததும் திரும்பி வரும், அதற்கு மேலும் கிடைக்கும்.

ஹட்டன் ஈகே:
டர்போ என்றால் 11.5 கம்ப்ரஷனைக் குறைக்க வேண்டும், பிஸ்டன் மாற்ற வேண்டும், கேமும் மாற்ற வேண்டும். இதுவரை செய்த எல்லாவற்றையும் தூக்கிப் போடச் சொல்கிறீர்கள். நான் தேடுவது உச்ச குதிரைவலு இல்லை அண்ணே. வளைவின் நடுவில் பெடலைத் தொட்டதும் எஞ்சின் எழ வேண்டும். பிளெனம், அதாவது எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான காற்றுப்பெட்டி, இருந்தால் த்ரொட்டில் திறந்த பிறகு முதலில் அந்தப் பெட்டி நிரம்ப வேண்டும். த்ரொட்டிலின் பட்டர்ஃபிளைத் தகடு இன்டேக் வால்வுக்குப் பக்கத்தில் இருந்தால் அந்தத் தாமதம் இல்லை.

பிளக்டொப் 20வி:
நான் தம்பி பக்கம். கேமைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. நீண்ட கேமில் இன்டேக், எக்ஸோஸ்ட் வால்வுகள் இரண்டும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம் அதிகம். குறைந்த ஆர்பிஎம்மில் எரிந்த புகை இன்டேக் பக்கம் திரும்பி வரும். பிளெனம் பொதுவாக இருந்தால் ஒரு சிலிண்டரின் புகையை அடுத்த சிலிண்டர் இழுக்கும். லயத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே பீலி இருந்தால் ஒருவர் அலசிய சோப்பு நீர் அடுத்தவர் குடத்தில் தெறிப்பது போலத்தான். தனித்தனித் த்ரொட்டில் போட்டால் அந்தத் தொல்லை பெருமளவு போய்விடும். அதே கேம், ஆனால் ஐடில் நிதானமாக நிற்கும். கேம் மாற்றாத ஸ்டொக் எஞ்சினுக்கு இதைக் கேட்டிருந்தால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

என் காரில் இருப்பது 1995இல் வந்த பிளக்டொப் 4ஏ-ஜிஇ. டொயோட்டா தொழிற்சாலையிலேயே நான்கு த்ரொட்டிலோடு வந்த எஞ்சின். புசல்லாவை, ரம்பொடை எல்லாம் ஏறுகிறேன், ஒரு குறையும் இல்லை. அப்புறம் அண்ணே, டர்போவா த்ரொட்டிலா என்று இரண்டையும் எதிரெதிரே வைக்க வேண்டியதில்லை. நிஸான் பல்சர் ஜிடிஐ-ஆரில் டர்போவும் உண்டு, நான்கு த்ரொட்டிலும் உண்டு. அதுவும் ஹேட்ச்பேக்தான்.

கம்பளை கராஜ்:
உங்கள் எஞ்சினில் டொயோட்டா நான்கு ரன்னரிலிருந்தும் (சிலிண்டருக்குப் போகும் காற்றுக்குழாய்) சிறு குழாய் எடுத்து, ஒரு சின்ன அறையில் சேர்த்து, இன்டேக் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சருக்குக் கொடுத்திருக்கிறது. அதற்கு ஏற்ற ஈசியூவையும் அவர்களே செய்தார்கள். அதனால்தான் மலை ஏறும்போது உங்களுக்குத் தெரியவில்லை. கடையில் வாங்கிப் போடும் செட்டில் அந்த வேலையை யார் செய்வது? பெரும்பாலானவர்கள் த்ரொட்டில் திறக்கும் கோணத்தையும் ஆர்பிஎம்மையும் மட்டும் வைத்து மேப் (ஈசியூவின் எரிபொருள் அட்டவணை) போட்டுவிடுவார்கள். ஆல்ஃபா-என் என்று சொல்வது அதைத்தான். த்ரொட்டில் கோணத்துக்கு உயரம் தெரியாது.

கணக்குப் பாருங்கள். கொழும்பில் முழுத் த்ரொட்டிலுக்குக் காற்று எரிபொருள் விகிதம் 12.8 என்று வைத்து மேப் போட்டால், நுவரெலியாவில் அதே அளவு பெற்றோலுக்குக் காற்று ஐந்தில் நான்கு பங்குதான். விகிதம் 10.2 ஆகிவிடும். பிளக் கறுக்கும், இழுவை போகும், ஆனால் எஞ்சின் பிழைத்துக்கொள்ளும். நான் பயப்படுவது திருப்பி நடப்பதற்குத்தான். நுவரெலியாவில் 12.8க்கு மேப் போட்டுவிட்டு கினிகத்தேனை வழியாக அவிசாவளைக்கு இறங்கி, அங்கே முழுப் பெடல் கொடுத்தால் விகிதம் 16. உங்கள் 11.5 கம்ப்ரஷனுக்கு பெற்றோல் குறைந்த அந்த லீன் மிக்சர் போனால் நொக் அடித்து (கலவை தானாக வெடித்து) பிஸ்டன் போய்விடும்.

ஹட்டன் ஈகே:
இது நியாயமான பயம். ஆனால் இதற்கு மருந்து இருக்கிறதே! என் ஈசியூவில் பரோ கரெக்ஷன் (வெளிக்காற்றழுத்தத்துக்கு ஏற்பப் பெற்றோலைத் திருத்துவது) இருக்கிறது. சாவி போட்டதும் மேப் சென்சரில் வெளிக்காற்றழுத்தத்தைப் படித்துக்கொள்ளும்.

கம்பளை கராஜ்:
சாவி போடும்போது மட்டும்தானே படிக்கிறது? அவிசாவளையில் எஞ்சினை எழுப்பி, நிறுத்தாமல் நுவரெலியா வந்தால் ஈசியூ இன்னும் அவிசாவளையில்தான் இருக்கும்.

பிளக்டொப் 20வி:
அதற்குத்தான் வெளிக்காற்றுக்குத் திறந்தபடி இரண்டாவது சென்சர் ஒன்று வைப்பார்கள். ஓடும்போதே விடாமல் படிக்கும். மெகாஸ்குவேர்ட் போன்ற ஈசியூக்களில் அதற்கு வசதி உண்டு. த்ரொட்டில் பொடிக்கு ஆகும் செலவோடு பார்த்தால் ஒரு சென்சர் பெரிய காசே இல்லை. தம்பி, இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நானுஓயா:
எல்லோரும் ஏறுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் தினமும் ரம்பொடை இறங்குபவன். பிரேக் மிதியை இலேசாக்கும் சேர்வோவுக்கு வெக்கம் (உறிஞ்சும் வெற்றிடம்) எங்கிருந்து எடுப்பீர்கள்? ஒரு ரன்னரிலிருந்து எடுத்தால் அது துடித்துத் துடித்துத்தான் வரும். மலையில் வெளிக்காற்றழுத்தமே குறைவு என்பதால் சேர்வோவின் உதவி ஏற்கெனவே குறைந்திருக்கிறது. முன்னால் தனியார் பஸ் சட்டென்று நின்றால் பெடல் கல்லாக இருக்கக் கூடாது. இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் அந்தக் காரில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

ஹட்டன் ஈகே:
நான்கு ரன்னரிலிருந்தும் எடுத்து, ஒருவழி வால்வு வைத்து, சிறு தாங்கியில் சேர்த்துத்தான் சேர்வோவுக்குக் கொடுப்பேன். கியரில் இறங்கும்போது த்ரொட்டில் மூடியிருக்கும், அப்போது ரன்னரில் வெக்கம் நன்றாகவே இருக்கும்.

நானுஓயா:
கியரில் இறங்கும்போது சரி. இறக்கத்திலேயே நெரிசலில் மாட்டி, ஐடிலில் நின்று நின்று நகரும்போது? பெரிய கேமுக்கு ஐடிலில் வெக்கம் குறைவு. தாங்கி சிறியது என்றால் நான்கைந்து முறை மிதித்ததும் காலியாகும். தாங்கியைப் பெரிதாக வையுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு எத்தனை மிதிக்குத் தாங்குகிறது என்று வீட்டு வாசலிலேயே எண்ணிப் பாருங்கள்.

பிளக்டொப் 20வி:
நல்ல யோசனை. இன்னொன்று. நான்கு த்ரொட்டில் என்றால் மொத்தத் திறப்பு பெரியது. குறைந்த ஆர்பிஎம்மில் பெடலை நான்கில் ஒரு பங்கு அழுத்தும் முன்பே எஞ்சினுக்கு வேண்டிய காற்றெல்லாம் வந்துவிடும். அதனால் மேப்பில் த்ரொட்டில் திறப்பின் முதல் 20 வீதத்துக்குள் வரிசைகளை நெருக்கமாகப் போட வேண்டும். இல்லாவிட்டால் கொண்டை ஊசி வளைவில் கார் வெட்டி வெட்டி இழுக்கும். நான்கு பட்டர்ஃபிளையும் ஒரே அளவு திறக்கின்றனவா என்று ஒவ்வொரு டிரம்பெட் (த்ரொட்டிலுக்குள் காற்று நுழையும் புனல்) வாயிலும் காற்றோட்ட மீற்றர் வைத்துப் பார்த்த பிறகுதான் மேப்பில் கை வைக்க வேண்டும். டிரம்பெட்டைத் திறந்து விடாதீர்கள். பார்க்க அழகுதான், ஆனால் தேயிலை மலை ரோட்டுத் தூசியெல்லாம் சிலிண்டருக்குள் போகும். ஃபோம் ஃபில்டரும் மழையில் நனைந்தால் காற்றை அடைக்கும். முன்பக்கத்திலிருந்து குளிர்காற்று வரும்படி மூடிய பெட்டி ஒன்று செய்து, அதற்குள் வையுங்கள்.

கம்பளை கராஜ்:
போட்டிக்கு மட்டும் ஓடும் கார் என்றால் நானும் தலையாட்டுவேன். மாகஸ்தோட்டையில் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் மேப்பை மாற்றும் அளவுக்கு உயர வித்தியாசம் இல்லை, நேர்த்தியாக ஒரு மேப் போட்டால் போதும். வாரம் முழுக்க ஹட்டனுக்கும் கொழும்புக்கும் ஓடும் வீட்டுக் காருக்கு இது வேண்டாம் என்ற என் கருத்து அப்படியே இருக்கிறது. தம்பி பிடிவாதமாக இருப்பதால் ஒன்று கேட்கிறேன். இப்போதிருக்கும் மேனிஃபோல்டோடு அவிசாவளையிலிருந்து நுவரெலியா வரை ஒரே மூச்சில் ஏறி, லாம்டா அளவை (காற்று எரிபொருள் விகிதம்) பதிவு செய்து கொண்டு வாருங்கள். உயரத்துக்கு உயரம் உங்கள் ஈசியூ எப்படித் திருத்துகிறது என்று முதலில் அதில் பார்ப்போம்.

ஹட்டன் ஈகே:
சரி அண்ணே. இரண்டாவது சென்சரை முதலில் பொருத்திவிட்டு, அதோடும் அது இல்லாமலும் இரண்டு விதமாகவும் பதிவு எடுத்துப் போடுகிறேன். த்ரொட்டில் பொடிக்கு அதன் பிறகுதான் ஓர்டர்.